மொய் நோட்டில் எழுதாதது

ராத்திரி ரெண்டு மணி. தூக்கம் வரவில்லை. வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போனை எடுத்து, பெயர் போடாமல் நாலு வரி எழுதுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பதில். ‘எனக்கும் இப்படி ஆச்சு. இன்னைக்கு ராத்திரியை மட்டும் தாண்டிடுங்க.’ யார் எழுதியது? தெரியாது. ஆனால், மனசு லேசாகிறது.

இப்படி முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ள வழி செய்தவர்களில் ஒருவர் ராப் மாரிஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். சைக்காலஜி பக்கமிருந்து போனவர் என்பதால் புரோகிராம் எழுதுவதில் தடுமாற்றம். தப்பு வரும்போதெல்லாம் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ இணையதளத்தில் கேட்பார். யாரோ ஒரு புண்ணியவான் வந்து திருத்திக் கொடுப்பார். புரோகிராமில் இருக்கும் தப்பை ஊர் பேர் தெரியாதவர்கள் திருத்தலாம் என்றால், மனசுக்குள் ஓடும் தப்பான எண்ணத்தையும் திருத்தலாமே என்று தோன்றியது அவருக்கு. அந்த யோசனைதான் வளர்ந்து ‘கோகோ’ ஆனது.

2023 ஜனவரியில் அவரே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். சுமார் 4,000 பேருக்குப் போன ஆறுதல் பதில்களை எழுத ஜி.பி.டி-3 என்ற கம்ப்யூட்டர் மூளை உதவியிருக்கிறது. அது எழுதித் தரும். மனிதர் படித்துப் பார்த்து, திருத்தியோ திருத்தாமலோ அனுப்புவார். மனிதர்கள் தாமாக எழுதியதைவிட இந்தப் பதில்களுக்கு மார்க் அதிகம். நேரமும் பாதியாகக் குறைந்தது. ஆனால், மெஷினுக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிந்ததுமே எடுபடாமல் போய்விட்டது! முன்கூட்டி ஒப்புதல் வாங்கினார்களா என்று பெரிய சண்டை நடந்தது. அது நியாயமான சண்டைதான். எனக்கு உறுத்தியது வேறு. அதே வார்த்தைகள்தானே? நேற்று ஆறுதலாக இருந்தது, இன்று எப்படி வெறும் எழுத்தாகிப் போனது?

நான் பி.காம். எதையும் வரவு செலவாகப் பார்த்தே பழகிய புத்தி. சொந்தக்காரர்கள் சொல்லும் ஆறுதல் எனக்கு மொய் மாதிரிதான் தெரியும். நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். கூடவே ‘எதிர்வீட்டுப் பையனைப் பாரு’ என்று வட்டியும் உண்டு. முகம் தெரியாதவர் சொல்லுக்கு நோட்டில் பக்கமே கிடையாது.

சி.ஏ. இன்டர் ரெண்டாவது தடவையும் ஊத்திக்கொண்ட அன்று, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். “என்ன தம்பி?” என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் வேதாந்தம் பேசவில்லை. “சரி விடுங்க, ஒரு டீ சாப்பிடுவோம்” என்றார். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. எழுந்தவர், என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதர் பிறகு என்ன சொன்னார் என்று கேட்டால், பாதி ஞாபகமில்லை. பஸ் கிளம்பிப் போனது ஞாபகம் இருக்கிறது.

மெஷினுக்கு விட்டுக்கொடுக்க பஸ் கிடையாது. அதுதான் வித்தியாசம் என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள் மசியவில்லை. “காய்ச்சலுக்கு மாத்திரை போடறப்ப, அதுக்கு உங்க மேல பாசம் இருக்கானு கேப்பீங்களா மாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க பஸ் ஸ்டாண்ட் ஆளை எங்கே போய்த் தேட?” என்றாள். இதற்கு என்னிடம் நேர்ப் பதில் இல்லை. வலியில் இருப்பவனிடம் போய், ‘கொஞ்சம் பொறு, மனுஷன் வருவான்’ என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது?

ஆனால், அவள் கணக்கில் ஒரு பக்கம்தான் இருந்தது. கோகோவுக்கு முன்னோடியாக மாரிஸ் உருவாக்கிய தளத்தின் பதிவுகளை அலசி, 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்களுக்கு அதிகம் ஆறுதல் எழுதியவர்களுக்கு, தங்கள் மனச்சோர்வும் அதிகமாகக் குறைந்ததாம். எழுதியவர்களும் துக்கத்தோடு வந்தவர்கள்தானே! அடுத்தவர் சிக்கலை வேறு கோணத்தில் பார்க்கப் பழகினால், தன் சிக்கலையும் அப்படிப் பார்க்கக் கை வந்துவிடுகிறது. கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த இரட்டைப் பதிவுமுறை இதுதான். ஒரு பற்று எழுதினால், எங்கோ ஒரு வரவு எழுதியாக வேண்டும். ஆறுதல் சொல்லும் வேலையை மெஷினிடம் தள்ளிவிட்டால், வாங்குபவருக்கு நஷ்டமோ இல்லையோ, கொடுத்திருக்க வேண்டியவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரமானது. பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் யாரிடமும் இதைப் பேச முடியவில்லை என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டீக்கு நான் காசு கொடுக்கப் போனபோது, கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரே கொடுத்தார்.