விழவும் சொல்லிக் கொடுங்கள்!

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறியிருக்கிறீர்களா? ஊருக்கு நடுவே யாரோ ஒரு திண்டைப் போட்டுவிட்டுப் போனது போலத் தெரியுமே, அந்தப் பாறைதான். சுமார் 900 அடி உயரம். மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கட்டிய கோட்டை அது. பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏற வேண்டும். உச்சியில் இருக்கும் பழைய அபிராமி கோயில் கருவறையில் விக்கிரகம் இல்லை. அம்பாளைத் தரிசிக்க, கீழே ஊருக்குள் இருக்கும் காளஹஸ்தீஸ்வரர் கோயிலுக்குத்தான் வரவேண்டும்.

அந்தப் படிகளில் வழிநெடுக ஒரே குரல்தான் கேட்கும். ‘பார்த்து... விழுந்துடாதே!’ எல்லாம் அம்மாக்கள்தான். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஏறினேன். பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். சட்டென்று என் மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

‘‘விழாதே, விழாதேன்னு சொல்றியே... விழுந்துட்டா என்ன பண்ணணும்னு சொல்லவே இல்லியேம்மா?’’

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா, சகோதரி?

பாறை ஏறுவதை இன்று ஒரு விளையாட்டாகவே கற்றுக் கொடுக்கிறார்கள். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் முதல் தடவையாக அதற்கும் பதக்கம் கொடுத்தார்கள். கயிறு கட்டாமல் குட்டையான பாறைகளில் ஏறிப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பப் பாடமே விழுவதற்குத்தான்! கீழே தடிமனான மெத்தை போட்டிருப்பார்கள். இரண்டு காலும் சேர்ந்தாற்போல் தரையைத் தொட வேண்டும். முழங்காலை விறைப்பாக வைக்காமல் மடக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்து, பின்பக்கமாக உருள வேண்டும். மோவாய் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் தலை தரையில் மோதாது. முக்கியமாக, கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. உடம்பின் மொத்த பாரமும் மணிக்கட்டில் இறங்கினால் எலும்பு என்ன ஆகும்? ஈரமான குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் மாமியார்களைக் கேட்டால் சொல்வார்கள். (மெத்தையும் பயிற்சியாளரும் இல்லாமல் இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!)

‘விழுவதைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் ஆயிற்றே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். விளக்கு அணைந்துவிட்டது என்றுகூட வாயால் சொல்லாமல், ‘மலையேறிவிட்டது’ என்கிறவர்கள் அல்லவா நாம்!

ஆனால், நம் புராணங்கள் விழுவதை மறைக்கவில்லையே? பிரகலாதனை உயரத்திலிருந்து தள்ளச் சொன்னான் இரணியன். குழந்தை விழத்தான் செய்தான். ‘நாராயணன் காப்பாற்றுவான், நான் விழமாட்டேன்’ என்று அவன் சொல்லவில்லை. அவனைப் பூமாதேவி மடியில் ஏந்திக்கொண்டாள் என்கிறது விஷ்ணு புராணம். கிருஷ்ண ஜயந்தியின்போது பெருமாள் கோயில்களில் வழுக்குமரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வழுக்கி வழுக்கி வருகிறவனைக் கீழே நிற்பவர்கள் தோளில் தாங்குவார்கள். ஊரே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி ஏறுவான்.

அட, அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? சந்நிதியில் நாம் என்ன சொல்கிறோம்? ‘விழுந்து கும்பிடு’ என்றுதானே! முழங்கால், கை, கடைசியில் நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுகிறோம். பதற்றமே இல்லாத விழுதல் அது. சின்ன வயதிலிருந்து பழகியதால் அதில் நமக்கு வெட்கமும் இல்லை.

கஷ்டமெல்லாம் பாறையில் இல்லை, சகோதரி, வீட்டில்தான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். மார்க் குறைந்த பிள்ளை மொட்டைமாடிக்குப் போய் நிற்கிறது. ‘இதை எப்படி அம்மாகிட்ட சொல்றது?’ பதினேழு வருஷம் ‘விழாதே’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, விழுந்த பிறகு எங்கே கால் வைப்பது என்று எப்படித் தெரியும்?

மலையேறுகிறவர்களின் கயிறு பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அந்தக் காலத்தில் சணல் நார்க் கயிறுதான். பெரிய வீழ்ச்சி என்றால் அறுந்துவிடும். அதனால் முன்னால் ஏறுகிறவன் விழவே கூடாது என்பது சட்டம் மாதிரி. 1940-களில் நைலான் கயிறு வந்தது. அது எளிதில் அறுகிற கயிறு இல்லை, ஆனால் விறைப்பாகவும் பிடிக்காது. விழுகிறவனோடு கொஞ்சம் நீண்டு கொடுத்து, பிறகு நிறுத்தும். நீளாத கயிறு, பிடித்தாலும் வெடுக்கென்று இழுத்து உடம்பை நோகடித்துவிடும்.

‘‘நான்தான் அன்னிக்கே சொன்னேனே!’’ என்கிறோமே, அது அந்த வெடுக்குதான். பிள்ளையைக் கைவிட்டோமா? இல்லை. பிடிக்கத்தான் செய்தோம். ஆனாலும் வலிக்கும்.

இப்படித் தாங்கினால் பிள்ளைகளுக்கு அலட்சியம் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாறையில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர், தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார். முன்கை சீக்கிரம் களைத்துப் போகிறது. அதனாலேயே முதலில் கை நழுவுகிறவரும் அவராகவே இருக்கிறார். அதற்காக, திருடிவிட்டு வந்தாலும் தட்டிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நழுவி விழுவது வேறு, தெரிந்தே குதிப்பது வேறு. அந்த வித்தியாசம் பெற்றவளுக்குத் தெரியாதா என்ன!

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது ஓரிடத்தில் பாறை வழவழவென்று இருந்தது. மகள் நின்றாள். கீழே உட்கார்ந்தாள். தாவணி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், இரண்டு காலையும் முன்னால் நீட்டி, மெதுவாகச் சறுக்கியே இறங்கினாள். ‘பார்த்து...’ என்று என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அபிராமி சந்நிதியில் இருவரும் விழுந்து கும்பிட்டோம். எழுந்திருக்க முடியாமல் என் முழங்கால் தகராறு செய்தது. அவள்தான் கை கொடுத்தாள்.