கிணற்றை எங்கே எழுதுவது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன், சூழல் தொண்டு நிறுவனமொன்றில் இரண்டு மாதப் பயிற்சிக்குப் போனான். மரங்களை எண்ணி, சுற்றளவு எடுத்து, படிவத்தில் பதிவது வேலை. சிலாவத்துறைக்குத் தெற்கே, கரடிக்குளிப் பக்கம் பற்றைக்குள் ஒரு கட்டுக்கிணறு. அவனுடைய உம்மும்மா தண்ணீர் அள்ளிய கிணறு. படிவத்தில் அதற்கு இடமில்லை.

“சேர், நான் என்னண்டு எழுதுற?”

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 2009இல் யுத்தம் முடிந்து, புத்தளத்திலிருந்து திரும்பியபோது வளவுகளில் காடு நின்றது. 2017இல் மாவில்லு பேணற்காடு என வர்த்தமானியும் வந்தது, 40,030 ஹெக்டேயர். நாம் துரத்தப்பட்டதால் வளர்ந்த மரம். குற்றம் மரத்தினதல்ல. அதை வெட்டினால் நமக்கு நீதி கிடைத்துவிடுமா? காணியென்ற பேரில் தேவைக்கு மேல் வெட்டியவர்களும் நம்மில் உண்டு (இதைச் சொன்னால் ஊரில் கோபிப்பார்கள்). ஆனால் மரத்தின் வயதை எண்ணுகிறவர்கள், அது முளைக்க இடம் எப்படி வெறுமையானது என்பதையும் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் நேர்மையில்லை.

இரண்டையும் எழுதச் சொன்னேன். ஓரத்தில் எழுதினான்: ‘கட்டுக்கிணறு, தண்ணீர் உண்டு.’

சான்றிதழ் வந்துவிட்டது. அறிக்கையில் அந்த வரி இல்லை.