இரண்டு வகைப் புள்ளி

திருபுவனைப் பெருமாள் கோயில் சுவரைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அதில் எழுத்து வெட்டியிருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் என் கண்ணுக்கு அது கோழி கிளறிய மண்தான்.

போன தை மாதம் கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்தார். உச்சி வெயில் வேண்டாம், சாய்ந்த வெயிலில்தான் எழுத்து எழும்பும் என்று சாயங்காலமாகக் கூட்டிப் போனார். சுவரோரம் குந்தி, விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். “இது க. இது ல. இது ம. கலம்! நெல்லுக் கணக்கு சொல்றாங்க சார்.”

ஒரே வெயில், ஒரே கல். இருவர் கண்ணிலும் விழுந்த வெளிச்சமும் ஒன்றுதான். அவருக்கு நெல் தெரிந்தது. எனக்குக் கீறல் தெரிந்தது. அப்படியானால் பார்த்தது எது? கண்ணா?

கண்ணின் வேலை எங்கே முடிகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது. அங்கே ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் வெளிச்சத்தை வாங்குகின்றன. மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பதோ சுமார் 10 லட்சம் இழைகள். அத்தனை கோடி பேர் சொல்ல வந்ததைப் பத்து லட்சம் பேர் சுருக்கிச் சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தி பின்மண்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விளிம்பு எது, நிறம் எது, அசைவு எது என்று பிரித்தறியும் வேலையின் பெரும்பகுதி நடக்கிறது. கண் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பதும், கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு இடத்தைத்தான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று முறை இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துண்டுகளைத் தையல் தெரியாமல் ஒட்டி, முழு உலகமாக நம் முன் விரிப்பது மூளை.

அது மட்டுமல்ல. இல்லாததையும் அது இட்டு நிரப்புகிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் வெளிச்சத்தை உணரும் செல்லே கிடையாது. அதற்குக் குருட்டுப் புள்ளி என்று பெயர். நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் நேரே நீட்டிக் கட்டைவிரல்களைச் சேர்த்து வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடது கட்டைவிரலையே பார்த்தபடி வலது கையை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் தள்ளிப் போவதற்குள் வலது விரலின் நுனி மறைந்துவிடும். அங்கே கறுப்பாக ஓட்டை எதுவும் தெரியாது. பின்னால் இருக்கும் சுவரின் நிறத்தையே எடுத்து மூளை அந்த இடத்தில் பூசிவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வு செய்த வி.எஸ்.ராமச்சந்திரன் இந்த நிரப்பலை விரிவாக ஆராய்ந்தவர். நாம் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் இந்தப் பூச்சோடுதான் பார்க்கிறோம். பூசியது என்று ஒருநாளும் தெரிவதில்லை.

கல்வெட்டிலும் இதே கதைதான். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடுவதில்லை. ‘பல’ என்று வெட்டியிருந்தால் அது பல-வாகவும் இருக்கலாம், பல்-லாகவும் இருக்கலாம். புள்ளி கல்லில் இல்லை. படிப்பவரின் தலைக்குள் இருக்கிறது. நண்பர் எத்தனையோ ஆண்டுகள் படித்துச் சேர்த்ததுதான் அந்தக் கலத்தில் நிறைந்த நெல்.

எங்கள் பாட்டிக்குக் கண்புரை முற்றியபோது தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்து, “என்னடா இப்படி எளச்சிப் போயிட்ட?” என்றாள். எழுபது வருஷத்து முகங்களெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. கதவைத் திறந்துவிட்டதும் அவள் பழைய வீட்டுக்குள் நடந்து போய்விட்டாள்.

பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைக்கு அப்படி இல்லை. 1688இல் அயர்லாந்துக்காரர் வில்லியம் மாலினோ, தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். உருண்டையையும் கனசதுரத்தையும் தடவியே அறிந்த ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவியே பார்வை இழந்தவர். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாதமாகவே கிடந்த கேள்விக்கு டெல்லியில் பதில் கிடைத்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலிருந்து பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அறுவை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கப் பழகுகிறார்கள் என்று கவனித்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வில், கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அந்தப் பிள்ளைகளால் அடையாளம் காட்ட முடியவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் வந்தது. கண் இருந்தது, வெளிச்சம் இருந்தது, பொருள் இருந்தது, படிப்பு இல்லை. ஆனால் சில நாட்களிலேயே அவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். சின்ன வயதில் பழகாத கண் பிறகு பழகவே பழகாது என்று அதுவரை சொல்லிவந்ததும் தளர்ந்தது. பார்வையின் கூர்மை முழுதாக வராமல் போகலாம், கற்பது நின்றுவிடுவதில்லை.

ஆக, பார்ப்பதும் படிப்பதுதான். உலகத்தை நாம் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. ஏற்கெனவே கற்றதை வைத்துப் புள்ளியிட்டு வாசிக்கிறோம். அதில் குற்றமில்லை, புள்ளியிடாமல் யாராலும் வாசிக்க முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விரல் மறைந்த இடத்தில் சுவரின் நிறத்தைப் பூசிய அதே மூளைதான் எதிர்வீட்டுக்காரரையும் பார்க்கிறது. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது நான்கு எழுத்து. மற்றதை அவர் தெருவிலிருந்தும் சாதியிலிருந்தும் கட்சியிலிருந்தும் எடுத்துப் பூசிக்கொள்கிறோம். பிறகு, “நானே கண்ணால பார்த்தேன்” என்று சத்தியம் செய்கிறோம். பொய் சொல்லவில்லை; பூசிய இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெயில் இறங்கும்வரை நண்பர் படித்தார். இந்தக் கோயில் கல்வெட்டுகளில் 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த, சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் காலத்து ஒன்று, இந்த ஊரில் நடந்த கல்விச்சாலையைப் பற்றியது. அங்கே கற்பித்தவர்களுக்கும் கற்றவர்களுக்கும் அளக்க வேண்டிய நெல்லை வகுத்துச் சொல்வது என்றார். ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் இத்தனை வருஷம் எழுத்தறியாதவனாக நின்றிருக்கிறேன்.

புறப்படும்போது அவர் நோட்டை எட்டிப் பார்த்தேன். படித்த வரிகளில் மெய்யெழுத்துக்கெல்லாம் அவரே புள்ளி வைத்து எழுதியிருந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வரிசையாக ஐந்தாறு புள்ளிகள். எழுத்து எதுவும் இல்லை.

“இது என்ன?”

“கல்லு பொரிஞ்சிருக்கு சார். என்னவா இருக்கும்னு ஊகிக்க முடியுது. ஆனா தெரியல. தெரியாத எடத்துல புள்ளி வெச்சி விட்டுடணும்.”