எல்லை தாண்டும் நம்பிக்கை

தன்னை ஒத்தவரை நம்புவது எளிது. அந்த நம்பிக்கையை எவ்வளவு தொலைவு நீட்டலாம் என்பதே அறத்தின் கேள்வி.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே தொழில் அல்லது ஒரே ஊர் என்னும் பிணைப்பு உடையோர் கடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ள நாடெங்கும் வழிசெய்தது. 1935இல் லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்பு வீரர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். பிற நகர வீரர்களும் அவ்வாறே செய்தனர். ஒன்றாய் நெருப்பில் இறங்குவோருக்குத் தோழனின் நாணயமே பிணை.

ஆனால் இந்த நெருக்கமே ஆபத்துமாகும். ஊதியம் தரும் நகராட்சி தடுமாறினால், சேமித்தவரும் கடன்பட்டவரும் ஒருசேரத் தவிப்பர். அப்போது அயலூர்ச் சங்கத்தின் கடமை யாது? கூட்டுறவுகளுக்கிடையே ஒத்துழைப்பு வேண்டும் என்பதை அனைத்துலகக் கூட்டுறவு ஒன்றியம் 1966இல் கொள்கையாக ஏற்றது. எனினும், பிறர் சேமிப்பைக் கொண்டு தாராளம் காட்டுவது அறமாகுமா?

விடையை அவர்தம் தொழிலே தருகிறது. பெருந்தீயின்போது அண்டை ஊர் வண்டி எல்லை தாண்டி வருகிறது. பணி முடிந்ததும் தன் நிலையம் திரும்புகிறது. தன் ஊர்க் காவலை அது துறந்துவிடுவதில்லை. அவ்வாறே, பகிர்வுக் கிளை என்னும் ஏற்பாட்டில், ஒரு சங்கத்தின் உறுப்பினர் மற்றொரு சங்கத்தின் கிளையில் பணம் செலுத்தலாம், எடுக்கலாம். பெருங்கடனொன்றின் பொறுப்பைப் பல சங்கங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. எவருடைய சேமிப்பும் இங்கே தானமாவதில்லை. ஆயினும் எவரும் தனித்து விடப்படுவதில்லை.

பிறர் பொருளைக் காப்போருக்கு அதை வாரி வழங்க உரிமையில்லை. அதைக் காரணம் காட்டிக் கதவடைக்கவும் உரிமையில்லை.