பணியிடத்தில் துணிவு: ஃபிர்அவ்னின் அவையில் பேசிய முஃமின்

 

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு வாலிபர் தனியாக வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், நான் வேலை செய்யும் குடோனில் தேதி முடிந்த பால் பவுடர் டப்பாக்களில் புதுத் தேதி ஒட்டச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடும். வீட்டு வாடகை இருக்கிறது, உம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. நான் என்ன செய்வது?" என்று கேட்டார். அவருடைய கேள்விதான் இன்றைய தலைப்பு.

திருக்குர்ஆனின் 40 வது அத்தியாயத்திற்கு அல்முஃமின் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த முஃமின் யார்? ஃபிர்அவ்னின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மனிதர். அவருடைய பெயரைக்கூட அல்லாஹ் நமக்குச் சொல்லவில்லை. ஈமானை மறைத்து வாழ்ந்தவர் அவர். ஆனால் மூஸா (அலை) அவர்களைக் கொல்லப் போகிறேன் என்று ஃபிர்அவ்ன் சொன்னதும் அவரால் வாய்மூடி இருக்க முடியவில்லை. தனக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும், இன்னொருவரின் உயிருக்காகப் பேசினார்.

எப்படிப் பேசினார் என்பதையும் கவனியுங்கள். கத்தவில்லை, ஏசவில்லை. என் இறைவன் அல்லாஹ் என்று சொன்னதற்காகவா ஒரு மனிதரைக் கொல்கிறீர்கள் என்று கேட்டார். அவர் பொய்யர் என்றால் அந்தப் பொய் அவரையே சேரும். உண்மையாளர் என்றால் அவர் எச்சரிக்கும் வேதனை உங்களை அல்லவா பிடிக்கும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். முடிவில், அவர்களுடைய சூழ்ச்சியின் தீங்குகளிலிருந்து அவரை அல்லாஹ் பாதுகாத்தான்.

சகோதரர்களே! துணிவு என்பது சண்டை போடுவதல்ல. பிறருடைய ஹக் பாதிக்கப்படும் இடத்தில், அச்சம் இருந்தும் அதபோடு உண்மையைச் சொல்வதே துணிவு. அநியாயக்கார ஆட்சியாளனிடம் சத்தியத்தைச் சொல்வது மிகச் சிறந்த ஜிஹாத் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கோழைத்தனத்தை விட்டும் அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு துணிவு தேவை. அது கேட்டுக்கொள்ளும் துணிவு. ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டு, பத்ருப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கினார்கள். ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் வந்து, இது வஹியா அல்லது போர் யோசனையா என்று முதலில் கேட்டார்கள். யோசனைதான் என்று தெரிந்த பிறகே, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றுக்கு முன்னேறிச் செல்லலாம் என்றார்கள். நபியவர்கள் உடனே இடத்தை மாற்றினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அல்லாஹ்வின் தூதரே தோழரின் ஆலோசனையை ஏற்றார்கள் என்றால், முதலாளிகளே, மேனேஜர்களே, ஜமாஅத் நிர்வாகிகளே, நம்மிடம் குறையைச் சொல்ல ஒருவராவது துணிகிறாரா? துணியவில்லை என்றால் குறை யாரிடம்?

அந்த வாலிபரிடம் மூன்று விஷயம் சொன்னேன். படைத்தவனுக்கு மாறு செய்து படைப்புக்குக் கீழ்ப்படிய முடியாது, எனவே உங்கள் கையால் ஒட்டாதீர்கள். குழந்தைகள் குடிக்கும் பால் இது என்று முதலாளியிடம் தனியாக, மரியாதையோடு சொல்லுங்கள். இன்றே வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

அவர் சொல்லிவிட்டார். முதலாளி திருந்தவில்லை. இவரை லோடு ஏற்றும் வேலைக்கு மாற்றிச் சம்பளத்தையும் குறைத்துவிட்டார். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்று மிம்பரில் சொல்வது எனக்கு எளிது. அதை அவர் வாழ்ந்து காட்டுகிறார். நம் ஜமாஅத்தில் எத்தனையோ பேர் கடையும் கம்பெனியும் வைத்திருக்கிறீர்கள். உண்மை பேசியதால் வருமானம் இழந்தவருக்கு வேலை கொடுப்பதும் அந்தத் துணிவில் ஒரு பங்குதான். முடிந்தவர்கள் தொழுகைக்குப் பின் என்னைச் சந்தியுங்கள்.

யா அல்லாஹ்! கோழைத்தனத்தை விட்டும் எங்களைக் காப்பாயாக! ஹலாலான ரிஸ்கைத் தருவாயாக! உண்மையைச் சொல்லவும், சொன்னால் ஏற்கவும் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.