மறந்தேன் என்னும் மனம்

நன்றியை மறப்பது குற்றம். பிறர் செய்த தீங்கை மறப்பது குணம். பொறையுடைமை அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, தீங்கைப் பொறுத்தலினும் அதனை மறத்தலே நன்று என்கிறார். இக்கருத்தை நாம் வகுப்பறையில் எளிதில் விளக்கிவிடுகிறோம். ஆயின், மறக்கவேண்டும் என்று முயல்வதாலேயே ஒன்றை மறந்துவிட இயலுமா? இவ்வினாவை ஆழமாக எழுப்பும் சிறுகதை ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க எழுத்தாளர் காதரின் ஆன் போர்ட்டர் (1890-1980) டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1929இல் அவர் வெளியிட்ட 'தி ஜில்டிங் ஆஃப் கிரானி வெதரால்' என்னும் கதை, மரணப் படுக்கையில் கிடக்கும் எண்பது வயது மூதாட்டியின் நினைவோட்டத்தைச் சித்திரிக்கிறது. 'வெதரால்' என்னும் பெயரே, எல்லாப் புயல்களையும் தாங்கியவள் என்று பொருள்பட ஒலிக்கிறது.

கதையை முதன்முறை படிக்கும் மாணவர் சற்றுத் திகைப்பர். நோயறையில் தொடங்கும் ஒரு வாக்கியம், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாளில் சென்று முடியும். மருத்துவர் ஹாரியின் கை, மகள் கொர்னீலியாவின் குரல் ஆகியவை வருமிடங்கள் நிகழ்காலம். புகையும் இருளும் சூழுமிடங்களில் பெரும்பாலும் பழைய நினைவு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் கதை தெளிவாகும்.

அந்தப் பழைய நாள் எது? மணக்கோலம் பூண்டு அவள் காத்திருந்த நாள். பாதிரியார் வந்திருந்தார், மணமகன் ஜார்ஜ் வரவில்லை. பின்னர் அவள் ஜானை மணந்தாள். அவனும் இளமையிலேயே இறந்தான். தானே குழி தோண்டிக் கம்பம் நட்டு, நூறு ஏக்கர் நிலத்திற்கு வேலியிட்டாள், பிள்ளைகளை ஆளாக்கினாள், நோயுற்றோர் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தாள்.

இத்தகையவள், தான் ஜார்ஜை மறந்துவிட்டதாக அவனிடம் சொல்லவேண்டும் என்று இறுதி நேரத்தில் விரும்புகிறாள். மறந்த ஒருவனுக்கு மறந்த செய்தியை அனுப்புவார் உண்டோ? அவன் எழுதிய கடிதங்களோ பரணில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. நாளை எடுத்து ஒழுங்குபடுத்தலாம் என்று எண்ணுகிறாள். அந்த நாளை வரவே இல்லை.

அவ்வாறாயின் அவள் வாழ்வு பொய்யா? அன்று. வேலியும் மெய், வளர்த்த பிள்ளைகளும் மெய். ஆறாத புண் ஒன்று இருந்ததனால், அவள் செய்த அறங்கள் அழிந்துவிடா. புண்ணோடு உழைத்தாள் என்பதே அவள் பெருமை. எனினும், அவள் புண்ணைப் பொறுத்தாளல்லள், மறைத்தாள். தன் பழைய பேதைமையைப் பிள்ளைகள் அறியலாகாது என்று கருதினாள். பொறுத்தலுக்கு முதற்படி, 'எனக்கு வலித்தது' என்று ஒப்புக்கொள்ளுதல். அப்படியில் கால் வையாமல், மறத்தலாகிய உச்சியை அடைய முயன்றாள். மறதி கட்டளைக்கு அடங்குவதன்று. பொறுத்தல் என்னும் மரம் காலத்தால் ஈனும் கனி அது.

கதையின் முடிவு நெஞ்சை உலுக்குவது. இறைவனிடம் ஓர் அடையாளம் வேண்டுகிறாள், கிடைக்கவில்லை. அன்று போலவே இன்றும் பாதிரியார் வீட்டில் இருக்கிறார், மணமகன் இல்லை. இக்கொடுமையை மன்னிக்கவே மாட்டேன் என எண்ணியவாறு, தன் விளக்கைத் தானே ஊதி அணைக்கிறாள். இதனை நாத்திகம் என்றோ விதி என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிடுதல் ஆசிரியருக்கு அழகன்று. "பாட்டி நல்லவளா, கெட்டவளா?" என்று வினவுவதை விடுத்து, "அவள் யாரிடமேனும் மனம் விட்டுப் பேசியிருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று மாணவரை வினவுவோம்.

கொர்னீலியா கடமை தவறாத மகள். தாயின் அருகிலிருந்து கவனித்துக்கொள்கிறாள். ஆயினும், தாயின் நெஞ்சுக்குள் அறுபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் மணப்பெண்ணை அவள் அறியாள். நம் இல்லத்து முதியோருக்கும் உணவும் மருந்தும் தருகிறோம். அவர்கள் பேசும் ஆற்றல் உள்ளபோதே, அருகமர்ந்து கேட்கிறோமா?