படுக்கையோரத்து ஆராதனை

ஒரு தாய் மரித்தபின் நடக்கும் நினைவு ஆராதனையில் வழக்கமாக என்ன சொல்கிறோம்? ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தார், ஜெபக்கூட்டத்தை விட்டதில்லை, காணிக்கை தவறியதில்லை என்கிறோம். படுத்த படுக்கையான மாமியாரை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டதை 'குடும்பப் பொறுப்புள்ளவர்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் அவர் சபைக்கு வராமல் இருந்திருந்தால், விசுவாசத்தில் குளிர்ந்துபோனார் என்றுகூடப் பேசியிருப்போம். இந்தக் கணக்கு தவறு. நோயாளியின் தலைமாட்டில் கழிந்த காலத்தையும் ஆராதனை என்றே எண்ண வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டுத் திருச்சபையிலேயே சாட்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொன்ன பெண்களில் ஒருவர் பொன்னம்மாள். இளம் விதவை; ஒரு பெண் குழந்தைக்குத் தாய். 1901-இல் டோனாவூரில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த குழந்தைகளை மீட்டு வளர்க்கும் வேலை தொடங்கியது. கைக்குழந்தைகள் வந்து சேர்ந்தபோது, பாலூட்டவும் மலம் துடைக்கவும் இரவெல்லாம் விழித்திருக்கவும் ஆள் வேண்டியிருந்தது. பிறர் பிள்ளைக்கு அப்படிச் செய்வதைக் கீழான வேலை என்று கருதிய காலம் அது. பிரசங்கத்தை விட்டு ஆயா வேலைக்கு இறங்கலாமா என்ற கேள்வி கார்மைக்கேல் மனதிலேயே எழுந்தது. சீஷர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரின் கையிலிருந்த துணியில் அவர் விடை கண்டார். பொன்னம்மாளோ நெய்யூரில், மருத்துவ மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகே அமைந்த குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். எது ஆவிக்குரியது, எது உலகத்துக்குரியது என்று அவர் வேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் செய்வதைப் பார்த்து மற்றப் பெண்களும் கை கொடுத்தார்கள். புற்றுநோயால் 1915-இல் அவர் மரித்தபின், கார்மைக்கேல் அவருடைய வாழ்க்கையைத் தனி நூலாகவே எழுதினார். சுவிசேஷம் சொன்ன நாட்களைவிட அந்தக் காப்பகத்தில் அவருடைய பக்தி குறைந்திருந்தது என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் பெத்தானியாவில் மார்த்தாளைத்தானே ஆண்டவர் கடிந்துகொண்டார், காலடியில் உட்கார்ந்த மரியாளைத்தானே மெச்சினார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லூக்கா பத்தாம் அதிகாரத்தைக் கவனித்துப் படியுங்கள்: அவர் கடிந்தது மார்த்தாளின் பதற்றத்தை. பரிமாறுவதை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில், பஸ்காவுக்கு ஆறு நாளைக்கு முன் நடந்த விருந்திலும் மார்த்தாள் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள். இந்த முறை கண்டிப்பு இல்லை. இயேசுவைக் கிறிஸ்து என்று வாய்விட்டு அறிக்கையிட்டவளும் அதே மார்த்தாள்தான். அப்படியே, யோப்பாவில் சீஷியான தபீத்தாள் இறந்தபோது, விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டியது அவள் தங்களுக்காகத் தைத்துக் கொடுத்த உடுப்புகளை.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. பணிவிடையை இப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே பெண்களை அதிலேயே கட்டிப்போட்டுவிட்டோம் என்கிறார்கள். அது உண்மை, நாம் வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் வேதம் அந்தக் கட்டுக்குத் துணை நிற்கவில்லை. சிலுவையில் தொங்கியபடி ஆண்டவர் தம் தாயைப் பராமரிக்கும் பொறுப்பை ஓர் ஆணிடம், தாம் நேசித்த சீஷனிடம் ஒப்படைத்தார். எருசலேம் சபையில் விதவைகளின் அன்றாடப் பந்தியைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ஏழு பேரும் ஆண்கள். கொர்பான் என்று கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கடிந்துகொண்டார் என்பதை மாற்கு ஏழில் காண்கிறோம். பணிவிடை ஆராதனை என்றால், ஆண்களும் அதில் பங்குபெற்றே ஆக வேண்டும்.

நம் ஊரான மயிலாடும்பாறையில் தாய்மார் இலவம் பஞ்சு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்த் திரும்பிய பிறகும், வீட்டில் கிடக்கும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். க.விலக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. அடுத்த ஞாயிறு மணி அடிக்கும்போது, யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். சகோதரர்களே, உங்களில் ஒருவர் எழுந்து அந்த வீட்டுக்குப் போய், நோயாளியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அந்தத் தாய் சபைக்கு வரட்டும்.